ரெக்கார்டிங் அகாடமிக்கு ஒரு திறந்த மடல்: டான்ஸ்ஹாலைத் தனிப் பாடலாகவும் கேளுங்கள்

ரெக்கார்டிங் அகாடமியின் அறங்காவலர்களுக்கும், கிராமி விருதுப் பிரிவுகளைத் தீர்மானிக்கும் குழுவினருக்கும், ரெகே பிரிவில் வாக்களிக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

கிராமி விருதுகளில் ஜமைக்காவின் ரெகே இசைக்கென நீங்கள் ஒதுக்கியிருப்பது ஒரே ஓர் இடம். சிறந்த ரெகே ஆல்பம் என்னும் அந்த ஒற்றைப் பிரிவுக்குள்தான் ரூட்ஸ் ரெகே, ஆடுகளத்துக்கென எழுந்த டான்ஸ்ஹால், டப், லவர்ஸ் ராக், ஸ்கா ஆகிய அனைத்தும் நெருக்கியடித்துக்கொண்டு போட்டியிட வேண்டியிருக்கிறது. தனிப் பாடலுக்கு அங்கே இடமில்லை. இந்த ஏற்பாட்டால் டான்ஸ்ஹால் இசை, அதிலும் குறிப்பாகத் தன் பழைய ஒலியைத் தேடித் திரும்பிவரும் மூத்த கலைஞர்களின் இசை, உங்கள் காதுகளுக்கு முழுமையாக வந்து சேர்வதேயில்லை என்பது என் உறுதியான கருத்து. அதை ஜமைக்கக் கலைஞர் பூஜு பேண்டனின் மறுவருகையை முன்வைத்து விளக்கவும், ஒரு மாற்றத்தைக் கோரவும் இந்த மடலை எழுதுகிறேன்.

பூஜு பேண்டனை உங்களுக்கு அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. 2011 பிப்ரவரி 13 அன்று 'பிஃபோர் தி டான்' ஆல்பத்துக்காக அவருக்கு நீங்கள் விருது வழங்கினீர்கள். அடுத்த ஒன்பதாம் நாள், போதைப்பொருள் வழக்கில் புளோரிடாவின் நீதிமன்றம் ஒன்று அவரைக் குற்றவாளி என்று தீர்ப்பளித்தது. பத்தாண்டுச் சிறைத்தண்டனை பெற்று, 2018 டிசம்பர் 7 அன்று ஜார்ஜியா மாநிலத்துச் சிறையிலிருந்து விடுதலையாகி, அவர் ஜமைக்காவின் தலைநகர் கிங்ஸ்டனுக்குத் திரும்பினார். 2019 மார்ச் 16 அன்று அந்நகரின் தேசிய விளையாட்டரங்கில் 'லாங் வாக் டு ஃப்ரீடம்' இசைநிகழ்ச்சி நடந்தது. அரங்கு நிரம்பி வழிந்தது. பெரஸ் ஹேமண்ட், மார்சியா கிரிஃபித்ஸ், வெய்ன் வொண்டர் ஆகியோர் அவருடன் மேடையேறினார்கள். அவர் சிறையிலிருந்த காலத்தில் ஜமைக்காவின் இசை வெகுதூரம் நகர்ந்திருந்தது. அமெரிக்க டிராப் இசையின் படபடக்கும் ஹை-ஹேட்டும், குரலின் மீது பூசப்படும் ஆட்டோ-டியூனும், ஒரே பாடகருக்காக மட்டும் செய்யப்படும் தாளக்கட்டும் இளைஞர்களின் டான்ஸ்ஹாலை ஆட்கொண்டிருந்தன. அந்த இரவில் ஒலித்தவையோ பெரும்பாலும் தொண்ணூறுகளின் பாடல்கள். உடன் வாசித்தது ஒரு முழு இசைக்குழு. தாய்தந்தையர் கேட்டு வளர்ந்த பாடல்களைப் பிள்ளைகளும் வரிவரியாகப் பாடினார்கள்.

திரும்பிவந்தவர் அடுத்த ஆண்டுகளில் எந்த ஒலியைத் தேடினார் என்பதுதான் எனக்கு முக்கியம். 2019இன் இறுதியில் வெளிவந்த 'டிரஸ்ட்' என்னும் தனிப் பாடலைக் கேட்டுப்பாருங்கள். தயாரிப்பாளர் டேவ் கெல்லி. தொண்ணூறுகளின் தொடக்கத்தில், டோனவன் ஜெர்மெயின் நடத்திய பென்ட்ஹவுஸ் ஸ்டுடியோவில் ஒலிப்பொறியாளராக அமர்ந்து, பதின்பருவம் தாண்டாத பூஜுவின் குரலைப் பதிவுசெய்த அதே டேவ் கெல்லி. பின்னாளில் 'பெப்பர்சீட்', 'ஜாய்ரைட்' போன்ற ரிதிம்களை, அதாவது அடித்தாளங்களை, உருவாக்கியவரும் அவரே. 'டிரஸ்ட்' பாடலில் அலங்காரம் எதுவும் கிடையாது. தாளம் விழும், இடைவெளி விடும், மீண்டும் விழும். அந்த இடைவெளியில் பூஜுவின் கரகரத்த குரல் தனியாக நிற்கும். எதை நீக்கலாம் என்று யோசித்து யோசித்துக் கட்டிய தாளம் அது. இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் இருவரும் சேர்ந்து வேலை செய்தபோது பழகிய முறையை இருவர் கைகளும் மறக்கவில்லை என்பது முதல் எட்டு மாத்திரைகளிலேயே தெரிந்துவிடுகிறது.

இங்கே ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். பழைய ஒலி என்றதும் கித்தாரும் டிரம்ஸும் ஊதுகருவிகளும் உடனே நினைவுக்கு வருகின்றன. டான்ஸ்ஹாலில் பழமை என்பது அதை மட்டும் குறிக்காது. 1985இல் கிங் ஜாமி தயாரிப்பில் வெய்ன் ஸ்மித் பாடிய 'அண்டர் மி ஸ்லெங் டெங்' பாடலின் தாளம், கேசியோ நிறுவனத்தின் எம்டி-40 என்னும் சிறிய கீபோர்டில் முன்பதிவாக இருந்த ஒரு தாளத்திலிருந்து பிறந்தது. வீட்டில் பிள்ளைகள் வாசித்துப் பழகும் விலைகுறைந்த கருவி அது. அந்த ஒரு பாடலுக்குப் பிறகு ஜமைக்கா இசையின் போக்கே மாறியது. ஆக, டான்ஸ்ஹாலின் பழைய பள்ளியில் இயந்திரமும் உண்டு. அந்தப் பழமையைப் பழமையாக்குவது வேலைமுறைதான்: ஒரே ரிதிமின் மீது பலர் பாடுவது, குரலை முன்னால் நிறுத்துவது, ஆடுகளத்தில் போட்டுப் பார்த்துப் பாடலின் தரத்தை அறிவது.

ரிதிம் என்பது பேஸும் டிரம்ஸும் சேர்ந்த அடித்தளம். ஜமைக்காவில் அது ஒரு பாடலுக்கு மட்டும் சொந்தமாக இருப்பதில்லை. காவடிச்சிந்து மெட்டில் அண்ணாமலை ரெட்டியாருக்குப் பின் எத்தனையோ பேர் பாட்டுக் கட்டினார்கள் அல்லவா, அதுபோல ஒரு நல்ல ரிதிம் பிறந்துவிட்டால் பாடகர்களும், தாளத்தின் மீது பேசிப் பாடும் டீஜேக்களும் வரிசையாக வந்து அதன்மீது தங்கள் சொற்களை ஏற்றுவார்கள். 1967இல் கிங்ஸ்டனின் ஸ்டுடியோ ஒன் பதிவுக்கூடத்தில் சவுண்ட் டைமென்ஷன் குழு வாசித்த 'ரியல் ராக்' என்னும் கருவியிசைப் பதிவின் மீது பிற்காலத்தில் எழுந்த பாடல்களைத் தொகுத்தால் ஒரு தனி நூலகமே தேவைப்படும். வில்லி வில்லியம்ஸின் 'அர்மகிடியன் டைம்' அவற்றில் ஒன்று.

பெரிய ஒலிபெருக்கிகளை வைத்து நடத்தும் சவுண்ட் சிஸ்டம் ஆட்டத்தில், தட்டுகளைத் தேர்ந்து ஓட்டும் செலக்டர் ஒரே ரிதிமில் அமைந்த ஏழு அங்குல இசைத்தட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக, தாளம் அறுபடாமல் ஓட்டுவார். கேட்பவர்களுக்குத் தாளம் முன்பே உடம்பில் ஏறியிருக்கும். ஆகவே அடுத்து வரும் குரல் என்ன செய்கிறது, முந்தியவர் சொல்லாத எதைச் சொல்கிறது என்பதில்தான் மொத்தக் கவனமும் குவியும். ஒரு குரல் எழும்பி நின்றதும் கூட்டம் கூச்சலிடும், சுவரையும் தகரத்தையும் தட்டும். செலக்டர் தட்டைப் பின்னுக்கு இழுப்பார். அது கிறீச்சிட்டபடி தொடக்கத்துக்குப் போகும். அதே பாடல் மீண்டும் முதலிலிருந்து. டான்ஸ்ஹாலில் ஒரு பாடலுக்குக் கிடைக்கும் மிக உயர்ந்த தீர்ப்பு அதுதான். அந்தத் தீர்ப்பு ஒரு தனிப் பாடலுக்கே தரப்படுகிறது.

பூஜுவின் ஆகச்சிறந்த பதிவுகள் இந்த முறையிலிருந்து வந்தவை. 1993இல் அவருடைய நண்பரும் சக டீஜேயுமான பேன் ஹெட் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு அவர் பாடிய 'மர்டரர்' பாடலை எடுத்துக்கொள்ளுங்கள். அது அமர்ந்திருப்பது ஸ்டுடியோ ஒன் காலத்து ரிதிம் ஒன்றின் மறுபதிப்பின் மீது. கேட்பவர்கள் அந்தத் தாளத்தை ஏற்கெனவே அறிவார்கள்; அதன்மீது காதலையும் கடவுளையும் பாடிய குரல்களையும் அறிவார்கள். அந்தப் பழகிய தரையில் நின்றுகொண்டு ஒருவர் கொலைகாரனை நேருக்கு நேர் விளித்துப் பேசும்போது, அந்தப் பாடலுக்குப் பின்னால் முப்பதாண்டு இசையும் எழுந்து நிற்கிறது. 1995இன் 'டில் ஷைலோ' ஆல்பத்தில் அவர் ராஸ்தஃபாரி சமயத்தாரின் நயபிங்கி மேளத்தையும் அகூஸ்டிக் கித்தாரையும் கொண்டுவந்தபோது, அன்றைய டான்ஸ்ஹாலே ஒருமுறை திரும்பி நின்று தன் வேரைப் பார்த்தது. அவர் பழைய ஒலிக்குத் திரும்பியது 2019இல் முதன்முறையாக நிகழ்ந்ததன்று என்பதை இதிலிருந்து நீங்கள் அறியலாம். வழி மாறுகிறது என்று தோன்றும்போதெல்லாம் அவர் அங்கேதான் போயிருக்கிறார்.

இனி, உங்கள் பிரிவின் வழியாக இந்த வருகை எப்படித் தெரிந்தது என்று பார்ப்போம். 2020 ஜூன் மாதம் வெளிவந்த 'அப்சைட் டவுன் 2020' ஆல்பத்தில் இருபது பாடல்கள் இருக்கின்றன. ஜான் லெஜண்ட், ஃபாரெல் வில்லியம்ஸ், ஸ்டெஃப்ளான் டான், ஸ்டீஃபன் மார்லி எனப் பலர் இணைந்திருக்கிறார்கள். 2023இல் வந்த 'பார்ன் ஃபார் கிரேட்னெஸ்' ஆல்பத்திலும் ஸ்னூப் டாக், விக்டோரியா மோனே போன்றவர்களின் குரல்கள் ஒலிக்கின்றன. இரண்டும் உங்கள் பரிந்துரைப் பட்டியலில் இடம்பெற்றன. இரண்டையும் பலமுறை கேட்டவன் என்ற முறையில் சொல்கிறேன்: இரண்டிலும் உயரமான இடங்களும் உண்டு, பள்ளங்களும் உண்டு. பூஜு தன் பழைய தோழர்களோடு, தனக்குப் பழகிய தாளத்தில் பாடும் இடங்களில் எவரும் அவர் அருகில் நிற்க முடியாது. வெளிநாட்டுச் சந்தையை எண்ணிச் சேர்த்தது போலத் தோன்றும் பாடல்களில் அவர் தன் வீட்டிலேயே விருந்தாளியாக அமர்ந்திருக்கிறார். ஆல்பம் என்ற வடிவமே இந்தச் சமரசத்தைக் கேட்கிறது. உங்கள் விருது ஒன்றே இதற்குக் காரணம் என்று நான் குற்றஞ்சாட்ட மாட்டேன். பெரிய நிறுவனங்களின் கணக்கும் சந்தையின் கணக்கும் இதில் சேர்ந்திருக்கின்றன. ஆனால் உலகின் மிகப் பெரிய இசை விருது இந்த இசையை ஆல்பமாக மட்டுமே கேட்பேன் என்று சொல்லும்போது, அந்தக் கணக்குகளுக்குத்தான் வலுச்சேர்கிறது.

2021ஆம் ஆண்டில் 'அப்சைட் டவுன் 2020'ஐ முந்திக்கொண்டு விருது பெற்றது டூட்ஸ் அண்ட் தி மேடல்ஸின் 'காட் டு பி டஃப்'. விருது அறிவிக்கப்படும் முன்பே டூட்ஸ் ஹிபர்ட் மறைந்துவிட்டார். அவர் அறுபதுகளிலிருந்து பாடிய மாமேதை. அவருக்கு அந்த விருது கிடைத்ததில் எனக்கு முழு மகிழ்ச்சி. அதே நேரம் டூட்ஸின் சோல் கலந்த ரெகேயையும் பூஜுவின் டான்ஸ்ஹாலையும் ஒரே தட்டில் வைத்து எடைபோட்டது சரியா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். 2022இல் ஸ்பைஸ், ஷான் பால், ஜெஸ்ஸி ராயல், எட்டானா, கிராம்ப்ஸ் மார்கன் ஆகியோர் பட்டியலில் இருக்க, வர்ஜீனியாவைச் சேர்ந்த சோஜா குழு வென்றபோது எழுந்த மனக்கசப்பு உங்கள் செவிக்கும் எட்டியிருக்கும். சோஜா குழுவினர் இந்த இசையை மதிப்பவர்கள். அவர்கள்மீது எனக்குக் குறையேதும் இல்லை. ஒரே கதவு வைத்த கட்டடத்தில், உள்ளே நுழைந்தவர்மீது வெளியே நிற்பவர்களின் கோபம் திரும்பிவிடுகிறது என்பதே என் வருத்தம்.

ஒரே கதவு என்று சொல்வதை மிகையாக எண்ண வேண்டாம். ஆர் அண்ட் பி இசைக்கு நீங்கள் பாடலுக்குத் தனி, பாடும் திறனுக்குத் தனி, மரபு சார்ந்த பாடலுக்குத் தனி, ஆல்பத்துக்குத் தனி எனப் பல விருதுகள் வைத்திருக்கிறீர்கள். கன்ட்ரி இசைக்கும் அப்படியே. போதாதென்று, 2026 விருதுகளுக்காகச் சிறந்த மரபுசார் கன்ட்ரி ஆல்பம் என்னும் புதிய பிரிவையும் தொடங்கினீர்கள். ஓர் இசைவகை தன் பழைய ஒலிக்குத் திரும்பும்போது அதைத் தனியாகக் கேட்டு மதிக்க வேண்டும் என்ற உணர்வு உங்களிடம் இருப்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? ஆப்பிரிக்க இசைக்கு 2024இல் நீங்கள் தொடங்கிய விருது ஆல்பத்துக்கானது அன்று; பாடலுக்கானது. முதலாண்டில் டைலாவின் 'வாட்டர்' அதை வென்றது. ஆப்பிரிக்காவின் இன்றைய இசை பாடல் பாடலாகத்தான் உலகெங்கும் பரவுகிறது என்பதைப் புரிந்துகொண்டே அப்படி வகுத்தீர்கள் என நினைக்கிறேன். அதே புரிதலை, தனிப் பாடல்களாலேயே அறுபதாண்டுக்கும் மேலாக வாழ்ந்துவரும் ஜமைக்கா இசைக்கும் நீட்டுங்கள் என்பதே என் கோரிக்கை.

நான் வாழும் கனடாவில் இதற்கு முன்னுதாரணம் இருக்கிறது. ஜூனோ விருதுகளில் ஆண்டின் சிறந்த ரெகே பதிவு என்னும் பிரிவு உண்டு. பதிவு என்பதால் அதில் ஆல்பமும் போட்டியிடலாம், தனிப் பாடலும் போட்டியிடலாம். ஜமைக்காவில் பிறந்து இங்கே குடியேறிய எக்ஸ்கோ லெவை 'ஸ்டார்ம்ஸ் ஆஃப் லைஃப்', 'ஸ்டிரைவ்' போன்ற தனிப் பாடல்களுக்காகவே அந்த விருதை மீண்டும் மீண்டும் பெற்றார். 'ஸ்டிரைவ்' பாடலில் அவருடன் பாடிய கபாகா பிரமிட், பல ஆண்டுகள் கழித்து 2023இல் 'தி காலிங்' ஆல்பத்துக்காக உங்கள் விருதைப் பெற்றார். ஒரு தனிப் பாடலைக் கூர்ந்து கேட்கும் ஏற்பாடு இருந்தால் கலைஞர்கள் எவ்வளவு முன்னதாகவே கண்ணில் படுகிறார்கள் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு. டொராண்டோவில் தமிழர்களும் ஜமைக்கர்களும் அடுத்தடுத்த வீடுகளில் வாழும் பகுதிகள் உண்டு. ரெகே எனக்கு அறிமுகமானது அந்த அண்டைவீட்டு உறவில்தான். எக்லிண்டன் மேற்குத் தெருவின் இசைத்தட்டுக் கடைகளில் ஏழு அங்குலத் தட்டுகளைப் பாடகரின் பெயரால் அடுக்காமல் ரிதிமின் பெயரால் அடுக்கி வைத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். அந்தத் தட்டின் ஒட்டுச்சீட்டில் பாடலின் பெயரும் பாடகர் பெயரும் தயாரிப்பாளர் பெயரும் இருக்கும். தாளத்தை வாசித்தவரின் பெயர் பெரும்பாலும் இருக்காது.

அந்த விடுபட்ட பெயரைப் பற்றியும் உங்களிடம் பேச வேண்டும். 2002இல் ஸ்டீவன் 'லெங்கி' மார்ஸ்டன் ஒரு ரிதிம் செய்தார். கைதட்டலை முதுகெலும்பாகக் கொண்ட அந்தத் தாளத்துக்குத் தீபாவளி என்றே பெயர் வைத்தார். ஷான் பாலின் 'கெட் பிஸி', வெய்ன் வொண்டரின் 'நோ லெட்டிங் கோ', லுமிடியின் 'நெவர் லீவ் யூ' ஆகிய மூன்றும் அதன்மீது பாடப்பட்டவை. 2003இல் 'கெட் பிஸி' பில்போர்டு பட்டியலில் முதலிடத்தைப் பிடித்தது. 2004இல் ஷான் பாலின் 'டட்டி ராக்' ஆல்பத்துக்கு நீங்கள் விருது கொடுத்தீர்கள், தகுதியான ஆல்பம்தான். எனினும் அந்த ஆண்டு உலகத்தையே ஆடவைத்த அந்தத் தாளம் மூன்று கலைஞர்களின் மூன்று தனிப் பாடல்களாகச் சிதறிக் கிடந்ததால், அதன் முழு உருவம் உங்கள் ரெகே பிரிவின் கண்ணுக்குத் தென்படவே வழியில்லாமல் போயிற்று.

இன்னும் பெரிய எடுத்துக்காட்டும் உண்டு. ஸ்டீலி, கிளீவி என்னும் இருவர் 1989இல் உருவாக்கிய 'ஃபிஷ் மார்க்கெட்' ரிதிமும், அந்த வழியில் ஷப்பா ராங்க்ஸ் பாடிய 'டெம் போ' பாடலும் லத்தீன் அமெரிக்காவுக்குப் போய் ரெகேட்டோன் என்னும் பேரலைக்கு அடித்தாளமாயின. ரெகேட்டோன் உள்ளிட்ட நகர்ப்புற லத்தீன் இசைக்கு நீங்கள் தனி ஆல்பம் விருதே வைத்துவிட்டீர்கள். அந்தத் தாளத்துக்கு உரிமை கோரி கிளீவியும், 2009இல் காலமான ஸ்டீலியின் வாரிசுகளும் 2021 முதல் அமெரிக்க நீதிமன்றத்தில் வழக்காடி வருகிறார்கள். சட்டம் என்ன சொல்ல வேண்டும் என்பதைச் சொல்ல நான் வழக்கறிஞன் இல்லை. ஆனால் இசையை மதிப்பிடும் அமைப்பு ஒன்று, சட்டம் முடிவுசெய்யும் வரை காத்திருக்காமல், தாளத்தைச் செய்தவரின் பெயரைக் கேட்டு வாங்கிப் பதிவுசெய்யலாமே. 1982இல் 'பேம் பேம்' பாடிய சிஸ்டர் நான்சி பல்லாண்டுக் காலம் அந்தப் பாடலுக்கு உரிய பணமேதும் பெறாமல், நியூஜெர்சியில் வங்கி வேலைக்குப் போய்வந்தார். அதே பாடல் திரைப்படங்களிலும் விளம்பரத்திலும் ஒலித்துக்கொண்டிருந்தது. பழைய ஒலி மீண்டும் மவுசு பெறும் ஒவ்வொரு முறையும், அந்த ஒலியைச் செய்தவர்களில் யாருக்கு என்ன போய்ச் சேருகிறது என்ற கேள்வியும் கூடவே எழ வேண்டும்.

பழைய ஒலியைப் பற்றி இத்தனை பரிவோடு பேசும் நான், அதன் நிழலை மறைத்துப் பேசினால் அது நேர்மையாகாது. தொண்ணூறுகளின் டான்ஸ்ஹாலில் ஒருபாலீர்ப்பினர் மீதான வெறுப்பும் வன்முறையும் வெளிப்படையாகவே இருந்தன. பூஜு பதின்ம வயதில் எழுதிய 'பூம் பை பை' அவற்றுள் மிகக் கொடியது. அந்தப் பாடலால் புண்பட்டவர்களும் அஞ்சி வாழ்ந்தவர்களும் இருக்கிறார்கள். அவர்களுடைய கோபத்துக்கு முழு நியாயம் உண்டு. 2019 மார்ச்சில், பெருமேடைக்குத் திரும்பிய அதே மாதத்தில், அவர் அந்தப் பாடலைத் தன் பாடல் தொகுப்பிலிருந்தே நீக்கினார். இனி பாடுவதில்லை என்றும் அறிவித்தார். மிகத் தாமதமான முடிவு. ஆனாலும் சரியான முடிவு. ஒரு மூத்த கலைஞர் பழைய ஒலிக்குத் திரும்பும்போது எதை எடுத்துவர வேண்டும், எதை விட்டுவர வேண்டும் என்று தெரிந்து செய்யும் தேர்வும் அவருடைய கலையின் ஒரு பகுதி என்றே நான் கருதுகிறேன். தனிப் பாடல்களைத் தனித்தனியாகக் கேட்டு மதிப்பிடும் முறையில் இந்தத் தேர்வையும் உங்களால் நுட்பமாகக் கவனிக்க முடியும். மொத்தமாக ஒரு கலைஞரை ஏற்பதா, ஒதுக்குவதா என்னும் முரட்டுக் கேள்விக்குள் நீங்கள் மாட்டிக்கொள்ள வேண்டியிராது.

இனி என் கோரிக்கையைத் திட்டவட்டமாகச் சொல்லிவிடுகிறேன். இப்போதுள்ள ஆல்பம் விருதை அப்படியே வைத்துக்கொண்டு, ரெகே மற்றும் டான்ஸ்ஹால் தனிப் பாடலுக்கென இன்னொரு விருதைத் தொடங்குங்கள். அதற்கான விண்ணப்பத்தில் ரிதிமை உருவாக்கியவர் யார், அது பழைய ரிதிமின் மறுவடிவம் என்றால் மூலப்பதிவில் வாசித்தவர்கள் யார் என்ற விவரத்தைக் கட்டாயமாக்குங்கள். விருது வழங்கும்போது ரிதிமை உருவாக்கியவருக்கும் பாடியவருக்கும் சமமாக வழங்குங்கள். ஒரே ரிதிமில் பலர் பாடிய தொகுப்புகளைத் தயாரிப்பாளரின் படைப்பாகக் கருதி ஆல்பம் பிரிவில் மதிப்பிடும்படி வாக்காளர்களுக்குத் தெளிவான வழிகாட்டுதல் கொடுங்கள். 'காலி ரூட்ஸ் ரிதிம்' என்னும் அத்தகைய தொகுப்பு 2024 பட்டியலில் இடம்பெற்றதன் மூலம் அந்தக் கதவு சற்றே திறந்திருக்கிறது. அதை அகலத் திறக்கலாம்.

மரபு ரெகே என்று ஒன்றையும் புதிய ரெகே என்று இன்னொன்றையும் பிரித்து விருது கொடுக்கலாமே என்று உங்களில் சிலர் நினைக்கக்கூடும். கன்ட்ரி இசைக்கு அது பொருந்தியிருக்கலாம், இங்கே பொருந்தாது. நேற்றுக் காலையில் வெளியான பாடலின் அடியில் 1967ஆம் ஆண்டின் பேஸ் ஓடும் இசை இது. பழையவரையும் புதியவரையும் வேலிபோட்டுப் பிரித்தால், மூத்தவர்கள் மரியாதைக்குரிய காட்சிப்பொருளாகவும் இளையவர்கள் வேரற்றவர்களாகவும் ஆகிவிடுவார்கள். ஒரே ரிதிமில் ஐம்பது வயதுப் பூஜுவும் இருபது வயது இளைஞரும் அடுத்தடுத்துப் பாடி, ஒரே பட்டியலில் போட்டியிட்டு, கேட்பவர்கள் எவருடைய தட்டைப் பின்னுக்கு இழுக்கச் சொல்கிறார்கள் என்று பார்ப்பதுதான் அந்த மண்ணின் நியாயம்.

போதிய எண்ணிக்கையில் விண்ணப்பங்கள் வருமா என்ற ஐயம் உங்களுக்கு இருக்கலாம். கிங்ஸ்டனில் மட்டுமல்ல, லண்டன், நியூயார்க், மியாமி, டொராண்டோ ஆகிய நகரங்களிலும் ரெகே தனிப் பாடல்கள் வாரந்தோறும் வெளிவருகின்றன. அவற்றில் பெரும்பாலானவை பெரிய நிறுவனங்களின் துணையில்லாமல் சிறு தயாரிப்பாளர்களால் வெளியிடப்படுபவை. ஒரு முழு ஆல்பத்துக்கான செலவைத் தாங்க முடியாமல் இதுவரை உங்கள் வாசலுக்கே வராதவர்கள் அவர்கள். விண்ணப்ப முறை எளிமையாக இருந்து, ஜமைக்காவின் இசைச் சங்கங்கள் வழியாகத் தகவலும் போய்ச் சேர்ந்தால் அவர்கள் கட்டாயம் வருவார்கள். ரெகே பிரிவில் வாக்களிப்போரிடையே கிங்ஸ்டனில் வாழ்ந்து வேலை செய்யும் இசைக்கலைஞர்கள், ஒலிப்பொறியாளர்கள், செலக்டர்கள் ஆகியோரின் எண்ணிக்கை கூடவும் அது வழிவகுக்கும். ஆடுகளத்தில் நின்று தீர்ப்புச் சொல்லிப் பழகியவர்கள் உங்கள் வாக்காளர்களாகவும் இருந்தால் இந்தப் பிரிவைப் பற்றிய மனக்குறைகளில் பாதி தாமாகவே தீரும்.

யுனெஸ்கோ 2018 நவம்பரில், பூஜு விடுதலையாவதற்குச் சில நாட்கள் முன்பு, ஜமைக்காவின் ரெகே இசையை மானுடத்தின் பண்பாட்டு மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. அது ஒரு பெரும் கௌரவம். அந்த மரபை நாள்தோறும் கையால் செய்து வாழ்பவர்களுக்கோ, அடுத்த பாடலைப் பதிவுசெய்யத் தெம்பு தரும் அங்கீகாரம் தேவைப்படுகிறது. டேவ் கெல்லியும் டோனவன் ஜெர்மெயினும் ஸ்டுடியோவில் இருக்கும்போதே, பூஜுவின் குரலில் அந்தக் கரகரப்பு இருக்கும்போதே, சிஸ்டர் நான்சி மேடையேறிப் பாடிக்கொண்டிருக்கும்போதே அதைச் செய்யுங்கள். விருதுப் பிரிவுகளில் திருத்தம் செய்வது குறித்து உங்கள் அறங்காவலர் குழு அடுத்து கூடும்போது இந்தக் கோரிக்கையை நிகழ்ச்சிநிரலில் சேர்த்துக்கொள்ளும்படியும், உங்கள் முடிவு எதுவாயினும் அதற்கான காரணத்தை ரெகே கலைஞர்களுக்கு வெளிப்படையாகத் தெரிவிக்கும்படியும் பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.

மதிப்புடன்,
ஒரு தமிழ் ரெகே ரசிகன்
டொராண்டோ